மெதுவான இதயத் துடிப்பு: காத்திருப்பதா, மருந்தை மாற்றுவதா, பேஸ்மேக்கர் பொருத்துவதா?

ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை துடிப்பது இயல்பு என்றும், 60-க்குக் கீழே இறங்கினால் அது பிராடிகார்டியா என்றும் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. அமெரிக்காவின் மூன்று இதயவியல் அமைப்புகள் 2018-இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல், துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவிலிருந்து எழும் துடிப்பைப் பொறுத்தவரை அந்த எல்லையை 50 என்று இறக்கியது. அதே வழிகாட்டுதல், சைனஸ் கணு தளர்ந்தவர்களுக்குத் துடிப்பு எந்த எண்ணுக்குக் கீழே போனால் பேஸ்மேக்கர் (இதயத்தை மின்தூண்டலால் துடிக்கவைக்கும் கருவி) பொருத்த வேண்டும் என்று எந்த வரம்பையும் வகுக்கவில்லை. நாடியை எண்ணிப் பார்த்து 46 என்று அறிந்து பதறுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். அவர்கள் முன் உள்ள வழிகள் மூன்று: ஒன்றும் செய்யாமல் கண்காணித்திருப்பது, துடிப்பைக் குறைக்கும் காரணத்தைக் கண்டு அதை நீக்குவது, கருவி பொருத்திக்கொள்வது. இவற்றுள் எது பொருத்தம் என்பதை இரண்டு கேள்விகளே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. உடல் தொல்லை வரும் அதே நேரத்தில் துடிப்பும் தாழ்ந்திருக்கிறதா என்பது ஒன்று. இதயத்தின் மின்பாதையில் கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பது மற்றொன்று.

அதற்கும் முன்பாக, கிடைத்த எண் உண்மையானதுதானா என்று பார்த்துவிட வேண்டும். கைக்கடிகாரக் கருவிகளும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும், ரத்த அழுத்தக் கருவியும் இதயத்தின் மின்னோட்டத்தை அளப்பதில்லை. ரத்தக்குழாயில் வந்து சேரும் அலையைத்தான் எண்ணுகின்றன. ஒவ்வொரு இயல்பான துடிப்புக்குப் பிறகும் கீழறையிலிருந்து உரிய நேரத்துக்கு முந்திய ஒரு துடிப்பு வரும் நிலையில், அந்த முந்திய துடிப்பு வெளித்தள்ளும் ரத்தம் மிகக் குறைவாக இருப்பதால் கைநாடியில் அது உணரப்படுவதே இல்லை. இதயம் 76 முறை துடிக்க, கருவி 38 என்று காட்டும். இதை மெதுவான துடிப்பு என்று எண்ணி மருத்துவம் தொடங்கினால் பாதையே தவறிவிடும். எனவே கருவி காட்டும் எண் எதுவானாலும், இதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் ஈசிஜி எடுக்கப்படும்வரை அது ஐயத்துக்குரிய எண் மட்டுமே.

கோளாறு இருக்கும் இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு வலது மேலறையின் மேற்பகுதியில் உள்ளது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் இருவரும் 1907-இல் அதை விவரித்தனர். அங்கு எழும் மின் அலை மேலறைகளைக் கடந்து, மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள, 1906-இல் ஜப்பானியரான சுனாவோ தவாரா விவரித்த ஏவி கணுவுக்கு வந்து, அங்கே சிறிது தாமதித்து, ஹிஸ் கற்றை வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. சைனஸ் கணு தளர்ந்துபோனால் துடிப்பு மெதுவாகும், சில வேளைகளில் சில விநாடிகள் நின்றும் போகும். ஆனாலும் கீழேயுள்ள மாற்று மையங்கள் பெரும்பாலும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் என்பதால், அந்த நோய் உயிரைப் பறிப்பதைவிட வாழ்க்கைத் தரத்தைக் குலைப்பதே அதிகம். ஏவி கணுவுக்குள்ளேயே ஏற்படும் தடையில் மாற்று மையம் நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை ஓரளவு நம்பகமாகத் துடிக்கும். ஹிஸ் கற்றையிலும் அதற்குக் கீழேயும் தடை ஏற்பட்டால், எஞ்சியிருக்கும் மையம் 20 முதல் 40 வரை மட்டுமே துடிப்பதோடு, எந்த நேரமும் முன்னறிவிப்பின்றி ஓய்ந்தும்விடலாம். இரண்டு பேருக்கு நாடி ஒரே மாதிரி 42 இருக்கலாம்; ஒருவருக்கு அது உறக்கத்தின் அமைதியாகவும், மற்றவருக்கு அடுத்த வாரத்து மயக்கத்தின் முன்னோட்டமாகவும் இருப்பது இந்த இட வேறுபாட்டால்தான். இங்கு பேசப்படும் தடை, அதாவது அடைப்பு, மின்பாதையின் அடைப்பு. கொழுப்புப் படிந்து ரத்தக்குழாய் அடைபடுவது வேறு நோய், அதற்கு வைக்கும் ஸ்டென்ட் மின்பாதை அடைப்புக்குத் தீர்வாகாது.

மெதுவான துடிப்பின் ஆபத்துகளையும் இதே ஒழுங்கில் புரிந்துகொள்ளலாம். இதயம் ஒரு நிமிடத்தில் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவு, துடிப்பு எண்ணிக்கையையும் ஒரு துடிப்பில் வெளியேறும் அளவையும் பெருக்கிய தொகை. பயிற்சி பெற்ற ஓட்டக்காரரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளுவதால், எண்ணிக்கை குறைந்தாலும் தொகை குறைவதில்லை. இதயத் தசை விறைத்துப்போன முதியவருக்கு அந்த ஈடுகட்டல் கிடைப்பதில்லை. அவருக்குச் சோர்வு, மூச்சு வாங்குதல், படியேற முடியாமை, கால் வீக்கம் என்று தொடங்கி இதயச் செயலிழப்பு வரையிலும் போகலாம். துடிப்பு சில விநாடிகள் முழுதாக நின்றால் மூளைக்கு ரத்தம் எட்டாமல் மயக்கம் வரும். 1827-இல் ராபர்ட் ஆடம்ஸும் 1846-இல் வில்லியம் ஸ்டோக்ஸும் விவரித்த இத்தகைய மயக்கத்தின் கொடுமை, முன்கூட்டி எந்த அறிகுறியும் இல்லாமல் விழச்செய்வதில் இருக்கிறது. முதுமையில் இடுப்பெலும்பு முறிவும் தலைக்காயமும் இதன் வழியாகவே பலருக்கு வருகின்றன, மின்கோளாறு மூலக் காரணமாக இருந்தும் அது வழுக்கி விழுந்த கணக்கில் போய்விடுகிறது. சைனஸ் கணு நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மேலறை நடுக்கமும் (மேலறை ஒழுங்கின்றி விரைந்து துடிக்கும் நிலை) சேர்ந்துவரும். அப்போது பக்கவாத ஆபத்தைத் தனியாகக் கணக்கிட்டு, தேவைப்பட்டால் ரத்தம் உறையாமைக்கான மருந்தைத் தர வேண்டும். பேஸ்மேக்கர் அந்த ஆபத்தை நீக்காது.

இனி முதல் வழியான காத்திருத்தலுக்கு வருவோம். தொல்லை எதுவும் இல்லாமல், ஈசிஜியில் சைனஸ் துடிப்பு மெதுவாக இருப்பது மட்டுமே தெரிகிறது என்றால், காத்திருப்பதே சிறந்த முடிவு. உறக்கத்தில் துடிப்பு 40-க்கும் கீழே இறங்குவதும், இளைஞர்களுக்கு இரண்டு விநாடிக்கும் சற்று மேற்பட்ட இடைவெளிகள் தோன்றுவதும் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் இயல்பான வேலை. பல இனத்தவரைச் சேர்த்து அமெரிக்காவில் நடந்த மேசா ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2016-இல் வெளியான ஒரு கட்டுரை, துடிப்பைக் குறைக்கும் மருந்து எதையும் உட்கொள்ளாதவர்களிடம் 50-க்குக் கீழான துடிப்பு இறப்பையோ இதயநோயையோ கூட்டியதாகக் காணவில்லை. அத்தகைய மருந்தை உட்கொண்டவர்களிடம் மட்டும் அதே தாழ்ந்த துடிப்பு கூடுதல் இறப்போடு சேர்ந்து காணப்பட்டது. மருந்துதான் கெடுத்தது என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது, மருந்து தேவைப்படும் அளவுக்கு அவர்கள் ஏற்கெனவே நோயுற்றிருந்திருக்கலாம். ஆயினும் மருந்து உட்கொள்பவரின் தாழ்ந்த துடிப்பையும் உட்கொள்ளாதவரின் தாழ்ந்த துடிப்பையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

காத்திருத்தல் என்றால் மறந்துவிடுவது என்று பொருள் கொள்ளக் கூடாது. தைராய்டு சுரப்பு, ரத்தத்தில் பொட்டாசியம் அளவு, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றை ஒருமுறை பார்ப்பதும், இதய அமைப்பில் ஐயம் இருந்தால் எக்கோ எடுப்பதும் இதில் அடங்கும். என் கணிப்பில், மிகக் குறைவாகப் பயன்படுத்தப்பட்டும் மிகுதியாகப் பயன்தரும் சோதனை டிரெட்மில்லில் நடக்கவைப்பதுதான். சைனஸ் கணு நலமாக இருந்தால் நடக்கத் தொடங்கியதும் துடிப்பு ஏறிவிடும். துடிப்பு வயதுக்குரிய உச்சத்தை நெருங்காமலே நடப்பவர் களைத்து நின்றுவிட்டால், ஓய்வில் காணும் எண் எதுவானாலும் கணு தளர்ந்திருக்கக்கூடும் என்று ஐயுறலாம். மேலறையின் இரண்டு துடிப்புக்கு ஒன்றே கீழே இறங்கும் வகைத் தடையிலும் இந்தச் சோதனை உதவும்: தடை ஏவி கணுவில் இருந்தால் நடக்கும்போது கடத்தல் மேம்படும், கீழே இருந்தால் மோசமாகும். ஓய்வில் எடுத்த ஈசிஜி பதில் சொல்லாத ஒரு கேள்விக்குச் சில நிமிட நடை பதில் சொல்லிவிடுகிறது.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. முன்கூட்டித் தாமதம் கூடாமலே திடீரென ஒரு துடிப்பு கீழே இறங்காமல் போகும் மோபிட்ஸ் இரண்டாம் வகை (இரண்டாம் நிலைத் தடையின் ஒரு வகை), அடுத்தடுத்த துடிப்புகள் கீழே இறங்காத உயர்நிலைத் தடை, மேலறைக்கும் கீழறைக்கும் தொடர்பே அற்றுப்போன முழுத்தடை ஆகிய மூன்றும், நீக்கக்கூடிய காரணம் ஏதும் இல்லாதபோது, தொல்லை தெரியாவிட்டாலும் பேஸ்மேக்கரைக் கோருபவை. “எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, நன்றாகத்தானே நடமாடுகிறேன்” என்று நோயாளி சொல்வது நியாயமாகத் தோன்றும். முதல் அறிகுறியே பெரும் மயக்கமாக இருக்கக்கூடும் என்பதால் அந்த நியாயம் இங்கே செல்லாது. மாறாக, மின் அலை தாமதித்தாலும் தவறாமல் இறங்கும் முதல் நிலைத் தடையும், தாமதம் படிப்படியாகக் கூடி ஒரு துடிப்பு தவறும் வெங்கெபாக் வகையும் தொல்லையின்றி இருப்பவர்களிடம் வழக்கமாக விட்டுவைக்கத்தக்கவை. அறிக்கையில் ‘அடைப்பு’ என்ற ஒரே சொல் இருப்பதைக் கண்டு இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக அஞ்சுவதோ, ஒன்றாக அலட்சியம் செய்வதோ பிழை.

இரண்டாம் வழி, காரணத்தை நீக்குவது. கருவி பற்றிய பேச்சை எடுப்பதற்கு முன்பே இது முடிக்கப்பட வேண்டும், அவசரத்தில் இது தாண்டப்படுவதும் உண்டு. அடெனோலால், மெட்டோபிரோலால் போன்ற பீட்டா தடுப்பான்கள், வெரபமில், டில்டியாசெம், டிகாக்சின், அமியோடரோன், ஐவாபிரடின், குளோனிடின், லித்தியம், மறதி நோய்க்குத் தரப்படும் டோனெபெசில் ஆகியவை துடிப்பைக் குறைக்கக் கூடியவை. கண்ணழுத்த நோய்க்கு ஊற்றும் டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா தடுப்பான்தான். கண்ணின் வழியாக ரத்தத்தில் கலந்து துடிப்பைக் குறைக்கும். மாத்திரைப் பட்டியலைக் கேட்கும்போது கண் சொட்டு மருந்தை யாரும் சொல்வதில்லை, அதைத் தனியாகக் கேட்டால்தான் வெளியே வரும். மருந்தே காரணம் என்று ஐயம் எழுந்தாலும் நோயாளி தானாக அதை நிறுத்திவிடக் கூடாது. பீட்டா தடுப்பானைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் தூண்டப்படலாம் என்பதால், அளவைக் குறைப்பதும் மாற்று மருந்து தருவதும் மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

சிறுநீரகம் தளர்ந்த முதியவரிடம் ஒரு கொடிய சுழல் உருவாவதுண்டு. வயிற்றுப்போக்காலோ நீரிழப்பாலோ சிறுநீரகம் மேலும் தளர, பொட்டாசியம் ஏறுகிறது. அது துடிப்பைக் குறைக்கும் மருந்தோடு கூட்டுச்சேர்ந்து நாடியை 30-க்குத் தள்ளுகிறது. துடிப்பு குறைந்ததால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்து பொட்டாசியம் இன்னும் ஏறுகிறது. பொட்டாசியம் மிதமாகவும் மருந்து வழக்கமான அளவிலும் இருக்கும்போதே இது நிகழலாம். இங்கு பொட்டாசியத்தை இறக்கி, நீரிழப்பைச் சரிசெய்து, மருந்தை நிறுத்திவைத்தால் துடிப்பு தானே மீளக்கூடும். நிரந்தரக் கருவி தேவையற்றதாகிவிடும். தைராய்டு குறைபாடு, உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய், உண்ணிக்கடியால் வரும் லைம் நோய், இதயத்தின் கீழ்ச்சுவரில் ஏற்பட்ட மாரடைப்பு ஆகியவற்றிலும் மூலத்தைச் சரிசெய்தால் துடிப்பு பெரும்பாலும் திரும்பும். கீழ்ச்சுவர் மாரடைப்பில் தோன்றும் தடை வழக்கமாகச் சில நாட்களில் விலகிவிடும்; முன்சுவர் மாரடைப்பில் தோன்றும் தடையோ தசை பெரிதும் சேதமடைந்ததற்கு அடையாளம், அதைக் கவலையோடு பார்க்க வேண்டும்.

ஆனாலும் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. மருந்து உட்கொள்ளும்போது இரண்டாம், மூன்றாம் நிலைத் தடை தோன்றியவர்களில் பலருக்கு, மருந்தை நிறுத்தியபின் அது விலகாமல் போகிறது, அல்லது விலகிச் சில மாதங்களில் திரும்புகிறது. மருந்து அங்கே நோயை உண்டாக்கவில்லை, மறைந்திருந்ததை வெளிக்கொணர்ந்திருக்கிறது. எனவே மருந்தை நிறுத்தித் துடிப்பு சரியானவர், தீர்ந்தது என்று எண்ணாமல் தொடர்ந்து பார்க்கப்பட வேண்டியவர். இன்னொரு சூழலும் வரும்: இதயச் செயலிழப்புக்கோ மேலறை நடுக்கத்துக்கோ அந்த மருந்து இன்றியமையாதது, மாற்றும் கிடையாது. அப்போது மருந்தைத் தொடர்வதற்காகவே பேஸ்மேக்கர் பொருத்துவது ஏற்கப்பட்ட முறை.

இரண்டு வழிகளுக்கும் நடுவே சிக்கிக்கொள்கிறவர்கள், எப்போதாவது மயங்கி விழுந்து, மருத்துவமனைக்கு வந்து சேரும்போது எல்லாம் இயல்பாக இருப்பவர்கள். இவர்களுக்குத் தேவை பதிவுதான், எந்தப் பதிவு என்பதைத் தொல்லை வரும் இடைவெளியைக் கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். தினமும் தலைசுற்றல் வருபவருக்கு 24 அல்லது 48 மணிநேரம் உடலில் மாட்டிக்கொள்ளும் ஈசிஜி பதிவுக் கருவியான ஹோல்டர் போதும். வாரத்துக்கு ஒருமுறை என்றால் மார்பில் ஒட்டி இரண்டு வாரம் வரை விட்டுவைக்கும் பட்டை பொருத்தம். மாதம் ஒருமுறை என்றால் 30 நாள் பதிவுக் கருவி. ஆண்டுக்கு இரண்டு முறை மயங்குபவருக்கு ஹோல்டரைத் திரும்பத் திரும்ப மாட்டுவது வீண். அவருக்கு மார்புத் தோலுக்கு அடியில் வைக்கும் சிறு பதிவுக் கருவி இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குமேல் காத்திருந்து பிடித்துவிடும். இயல்பான ஹோல்டர் அறிக்கை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இதயத்தில் கோளாறில்லை என்று நிம்மதி அடைவது, அந்த ஒரு நாளில் மயக்கம் வந்திருந்தால் மட்டுமே நியாயம். தலைசுற்றல் வந்த நிமிடத்தில் பதிவு 70 என்று காட்டினால், அதுவும் பெரிய பயன். காரணத்தை வேறிடத்தில் தேடலாம், தேவையற்ற கருவியும் தவிர்க்கப்படும்.

மூன்றாம் வழியான பேஸ்மேக்கர், 1958 அக்டோபர் 8-ஆம் நாள் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் முதன்முதலாக மனித உடலுக்குள் வைக்கப்பட்டது. ரூனே எல்ம்க்விஸ்ட் வடிவமைத்த கருவியை அறுவை மருத்துவர் ஓகே சென்னிங் பொருத்தினார். அது சில மணிநேரமே இயங்கியது. ஆனால் அதைப் பெற்ற ஆர்னே லார்சன், பின்னர் பல கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். இன்றைய கருவி பொதுவாக ஏழு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை இயங்கும்.

இந்தக் கருவி யாருக்கு என்ன தருகிறது என்பதில் உள்ள வேறுபாடு முடிவெடுப்பவருக்கு மிக முக்கியமானது. முழுத்தடை உள்ளவருக்கு அது ஆயுளை நீட்டிக்கிறது. சைனஸ் கணு நோயிலோ ஆயுளை நீட்டிப்பதாக நிறுவப்படவில்லை. மயக்கத்தையும் சோர்வையும் போக்குவதே அங்கே அதன் பயன். ஆகவே சைனஸ் கணு மெதுவாக இருந்தும் தொல்லை இல்லாதவருக்கு அது கொடுப்பதற்கு எதுவுமில்லை, இழப்பு மட்டும் உண்டு. அந்த இழப்பும் சிறியதன்று: பொருத்தும்போது நுரையீரல் உறையில் காற்றுப் புகலாம், ரத்தக் கட்டு ஏற்படலாம், கருவியிலிருந்து இதயத்துக்குச் செல்லும் கம்பி இடம்பெயரலாம், சில ஆண்டுகள் கழித்தும் தொற்று வரலாம். தொற்று வந்தால் மருந்தால் மட்டும் தீராது. கருவியையும் கம்பிகளையும் முழுவதுமாக எடுக்க வேண்டியிருக்கும், பழைய கம்பியை எடுப்பது பொருத்துவதைவிட ஆபத்தான வேலை.

பொருத்துவது என்று முடிவானபின் எந்த வகை என்ற கேள்வி வருகிறது. கீழறையில் மட்டும் ஒரு கம்பி வைப்பது எளிது. ஆனால் மேலறையும் கீழறையும் இசையாமல் துடிப்பதால் சிலருக்குக் கழுத்தில் துடிப்பு, களைப்பு, தலைசுற்றல் ஆகியவை வரும். இரண்டு கம்பிகள் உள்ள வகை அந்த இசைவைக் காக்கிறது, சைனஸ் கணு நோயாளிகளிடம் மேலறை நடுக்கத்தையும் ஓரளவு குறைக்கிறது. மேலறை நிரந்தரமாக நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த இரண்டாவது கம்பியால் பயனில்லை. வலது கீழறையை இடைவிடாமல் தூண்டிக்கொண்டிருந்தால் சிலருக்கு ஆண்டுகள் செல்லச்செல்ல இதயத் தசை தளரும். பம்பு செய்யும் திறன் ஏற்கெனவே குறைந்திருந்து, பெரும்பாலான துடிப்புகளுக்குக் கருவியையே நம்பியிருப்பவருக்கு இரு கீழறைகளையும் தூண்டும் வகையோ, ஹிஸ் கற்றையையோ இடது கிளையின் பகுதியையோ நேராகத் தூண்டும் முறையோ கேட்டுப் பார்க்கத்தக்கது. தொடைச் சிரை வழியாகக் கொண்டுபோய் கீழறைக்குள்ளேயே விட்டுவிடும் கம்பியில்லாக் கருவிக்கு 2016-இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. ஒரு பெரிய மாத்திரையின் அளவே உள்ள அதற்குத் தோலடிப் பையும் இல்லை, கம்பியும் இல்லை. டயாலிசிஸ் செய்பவர்கள், முன்பு தொற்று வந்தவர்கள் ஆகியோருக்கு அது நல்ல தேர்வு. இளவயதினருக்கு நான் அதே உறுதியோடு சொல்ல மாட்டேன், ஏனெனில் பல பத்தாண்டுகளில் தீர்ந்துபோன கருவிகளை எடுப்பதா, உள்ளேயே விட்டு அடுத்ததை வைப்பதா என்ற கேள்வி அவர்களைப் பின்தொடரும்.

மாத்திரையால் துடிப்பை ஏற்ற முடியாதா என்ற கேள்வி எழுவது இயல்பே. தியோஃபிலின், சிலோஸ்டசால் போன்றவை துடிப்பைச் சற்று உயர்த்தும். கருவியை மறுப்பவர்களுக்கும் பொருத்த இயலாதவர்களுக்கும் தற்காலிக உதவியாகத் தரப்படுவதுண்டு. மயக்கத்தைத் தடுப்பதில் அவற்றை நம்பியிருக்க முடியாது, ஹிஸ் கற்றையிலும் அதற்குக் கீழும் உள்ள தடையில் அவற்றுக்கு இடமே இல்லை. இளையோரின் வேகஸ் சார்ந்த மயக்கத்துக்கு, இதயத்தின் மேலுள்ள நரம்பு முடிச்சுகளைச் சுட்டு நீக்கும் புதிய முறை சில மையங்களில் செய்யப்படுகிறது. அதன் நீண்டகால விளைவுகள் தெளிவாகும்வரை அனுபவமுள்ள இடத்தில், தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் என்ற அளவில் வைத்துக்கொள்வது நல்லது.

மேலே சொன்ன ஒப்பீடுகள் எல்லாம் யோசிக்க நேரம் இருப்பவர்களுக்கு. தாழ்ந்த நாடியோடு நெஞ்சுவலி, மயக்கம், குழப்பமான பேச்சு, மூச்சுத்திணறல், வியர்த்துக் குளிர்ந்த உடல் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும், தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. அங்கே அட்ரோபின் ஊசி முதலில் தரப்படும்; அது ஏவி கணுவுக்குக் கீழான தடையில் பெரும்பாலும் வேலை செய்யாது என்பதால், தோலின் வழியாகவோ சிரையின் வழியாகவோ தற்காலிகமாக இதயத்தைத் தூண்டும் ஏற்பாடும் கூடவே தயாராகும்.

தொண்ணூறை நெருங்கிய, மறதி முற்றிய, பிறர் துணையின்றி எழ முடியாத ஒருவருக்குத் தடை கண்டுபிடிக்கப்படும்போது, வழிகாட்டுதலின் வரிகள் மட்டும் போதுவதில்லை. மயங்கி விழுவதும் மூச்சு வாங்குவதுமே அவருடைய துன்பமாக இருந்தால், ஒற்றைக் கம்பியோ கம்பியில்லாக் கருவியோ அந்தத் துன்பத்தைக் குறைக்கும், வயதைக் காரணம் காட்டி அதை மறுக்கக் கூடாது. அவருடைய தளர்ச்சிக்குத் துடிப்பு காரணமே இல்லை என்று மருத்துவர் கருதினால், கருவி பொருத்தியபின்னும் அவர் அதே படுக்கையில்தான் இருப்பார் என்பதைக் குடும்பத்தாரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். இவற்றுள் எது நிலைமை என்று தெளிவாகாதபோது, தற்காலிகத் தூண்டலில் ஓரிரு நாட்கள் வைத்துப் பார்த்து, அவர் எழுந்து உட்காருகிறாரா, பேச்சு தெளிகிறதா என்று கவனித்த பிறகு நிரந்தரக் கருவி பற்றி முடிவு செய்யும்படி மருத்துவரிடம் கேட்பதற்கு இடமுண்டு.